2000 ஜனவரி 1-இல் பிறந்த பிரவுசர்

2013-க்குப் பின் வந்த டார் பிரவுசர் பொதியை லினக்ஸ் கணினியில் இறக்கி விரித்தவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். உள்ளே இருந்த கோப்புகள் 2000 ஜனவரி 1 என்ற ஒரே தேதியைச் சுமந்திருந்தன. அடையாளத்தைக் காட்டாமல் இணையத்தில் உலவ உதவும் டார் பிரவுசர், ஃபயர்ஃபாக்ஸின் மேல் கட்டப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸின் முதல் முழுப் பதிப்பு 2004-இல்தான் வெளிவந்தது. டார் வலைப்பின்னல் ஓடத் தொடங்கியதே 2002-இல்தான். தாயும் தகப்பனும் பிறப்பதற்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டதாகக் கோப்பில் எழுதிவைத்தது யார், ஏன்?

தெரிந்தேதான் எழுதினார்கள். ஒரே மூலநிரலை எந்த ஊரில், எந்த நாளில், யார் கணினியில் கட்டினாலும் கடைசி பிட் வரை ஒரே பைனரிதான் வர வேண்டும் என்று ஒரு சிலர் பிடிவாதம் பிடித்தார்கள். அந்தப் பிடிவாதத்துக்கு இன்று 'ரீப்ரொடியூசிபிள் பில்ட்' என்று பெயர். மென்பொருள் தயாராகி நம் கைக்கு வரும் வழியைக் காக்க மனிதர் கண்டுபிடித்தவற்றில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அதை வளர்த்தெடுத்தவர்கள் பயனரின் அந்தரங்கத்தைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். அது தற்செயல் இல்லை என்று இந்தக் கதையை விசாரிக்க விசாரிக்க எனக்குத் தோன்றியது.

கோதுமையும் மாவும்

பயம் முதலில் பிறந்தது. மருந்து வர முப்பது ஆண்டு ஆனது.

யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1983-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார்கள். தாம்சனின் விருது உரை 1984 ஆகஸ்டில் அச்சானது. அதில் அவர் காட்டிய வித்தை இது: மூலநிரலைக் கணினியில் ஓடும் பைனரியாக மாற்றும் கம்பைலருக்குள் ஒரு கள்ளத்தை ஒளித்துவைக்கலாம். உள்நுழைவு நிரலைக் கட்டும்போது அந்தக் கம்பைலர் தானாகவே ஒரு கொல்லைப்புறக் கதவை அதில் வைத்துவிடும். கம்பைலரையே புதிதாகக் கட்டும்போது அதே கள்ளத்தைப் புதிய கம்பைலருக்குள்ளும் நுழைத்துவிடும். ஒருமுறை இப்படி நுழைந்துவிட்டால், கள்ளத்தை மூலநிரலிலிருந்து அழித்துவிடலாம். அதன் பிறகு மூலநிரலை எத்தனை பேர் வரிவரியாகப் படித்தாலும் பழுது தெரியாது. பழுது பைனரியில் மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும்.

மாவு மில்லுக்குப் போய் வந்தவர்களுக்கு இது உடனே புரியும். நாம் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தது கோதுமை. மில்காரர் திருப்பித் தந்தது மாவு. அரைக்கும்போது என்ன கலந்தது என்று வீட்டில் மிச்சமிருக்கும் கோதுமையைப் பார்த்துச் சொல்ல முடியாது. திறந்த மூல மென்பொருளின் பெருமையே 'யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்' என்பதுதான். ஆனால் நாம் படிப்பது கோதுமையை, கணினியில் ஓடுவது மாவு. இரண்டுக்கும் நடுவில் இருந்த இருட்டை மென்பொருள் உலகம் நெடுங்காலம் கண்டும் காணாமல் கடந்துபோனது.

கூட்டத்தில் ஒருவர்

அந்த இருட்டைத் தாங்க முடியாமல் போனது டார் திட்டத்துக்கு.

டாரின் வேர் 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. இணையத்தில் யார் யாருடன் பேசுகிறார் என்பதை மறைக்கும் வலைப்பின்னல் ஒன்றை அங்கே யோசித்தார்கள். அதைக் கடற்படை மட்டும் பயன்படுத்தினால், அதிலிருந்து வெளியே வருபவர் எல்லாரும் கடற்படைக்காரர் என்று உலகுக்குத் தெரிந்துவிடும். ஒளிந்துகொள்ள ஒரு கூட்டம் வேண்டும். அதனால் வலைப்பின்னல் ஊருக்கெல்லாம் பொதுவானது. டார் பிரவுசரும் அதே தர்மத்தில் நடக்கிறது. சாளரத்தின் அளவைக்கூட 200-க்கு 100 பிக்சல் என்ற மடங்குகளில் அது திறக்கிறது. உங்கள் திரையின் தனி அளவே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. எல்லாரும் ஒரே மாதிரி தெரிந்தால் எவரையும் தனியாகப் பொறுக்கி எடுக்க முடியாது.

அந்தப் பிரவுசரைக் கட்டி வெளியிடும் பொறுப்பில் இருந்தவர்களில் மைக் பெரி முக்கியமானவர். அவரைக் குடைந்த கேள்வி எளிமையானது. செய்தியாளர்கள், போராளிகள், அடக்குமுறை நாடுகளில் வாழ்பவர்கள் என்று லட்சக்கணக்கானோர் ஒரே பிரவுசரை நம்பியிருக்கிறார்கள். அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்த் தாக்க வேண்டியதில்லை. பிரவுசர் கட்டப்படும் அந்த ஒரு கணினியைப் பிடித்தால் போதும். கட்டுபவர் நேர்மையானவராக இருந்தும் பயனில்லை, அவர் கணினிக்குள் எவர் புகுந்திருக்கிறார் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அவரை மிரட்டிப் பணியவைக்கவும் செய்யலாம். ஒரு தனி மனிதர்மேல் இவ்வளவு நம்பிக்கையை ஏற்றிவைப்பது பயனருக்கும் ஆபத்து, அந்த மனிதருக்கும் ஆபத்து.

விடைக்கான கருவி பக்கத்து வீட்டில் இருந்தது. பிட்காயின் நிரலாளர்கள் 2011-லேயே 'கிட்டியன்' என்ற கருவியைச் செய்து வைத்திருந்தார்கள். பணப்பை மென்பொருளில் ஒரு வரி மாறினால் ஊரார் காசு போய்விடும், பழி கட்டியவர் தலையில் விழும். அதனால் பலர் தனித்தனியே கட்டி, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே வெளியிட்டார்கள். பெரி அந்தக் கருவியை எடுத்துக்கொண்டார். ஆனால் பிட்காயினை விட ஃபயர்ஃபாக்ஸ் பல மடங்கு பெரிய உருப்படி. அப்படிக் கட்டப்பட்ட டார் பிரவுசர் 3.0-இன் முதல் ஆல்ஃபா 2013 ஜூனில் வந்தது. அமெரிக்க உளவு அமைப்பின் கண்காணிப்பைப் பற்றி எட்வர்ட் ஸ்னோடென் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் உலகை உலுக்கியதும் அதே ஜூனில்தான். வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. ஸ்னோடெனுக்குப் பிறகு அதன் தேவையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான்கு பைட்டுகள்

ஒரே நிரலை இரண்டு முறை கட்டினால் ஒரே விடைதானே வர வேண்டும் என்று தோன்றும். வராது. ஏன் வராது என்பதை நானே ஒரு சிறு கோப்பில் செய்து பார்த்தேன்.

'வணக்கம்' என்ற ஒரே சொல்லை எழுதி ஒரு கோப்பாகச் சேமித்து, ஜிஜிப் கொண்டு சுருக்கினேன். சுருக்கிய கோப்புக்கு எஸ்எச்ஏ-256 முறையில் ஹாஷ் எடுத்தேன். கோப்பின் கைரேகை போல 64 எழுத்து-எண் கொண்ட ஒரு வரி வந்தது. பிறகு மூலக் கோப்பைத் திறந்து, ஓர் எழுத்தும் மாற்றாமல் மறுபடி சேமித்து, மறுபடி சுருக்கினேன். இந்த முறை வந்த 64-க்கும் முந்தையதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டு சுருக்குக் கோப்புகளையும் பைட் பைட்டாக எதிரெதிரே வைத்துப் பார்த்தேன். தலைப்பகுதியில் ஐந்தாவது முதல் எட்டாவது வரையிலான இடத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒன்று. மூலக் கோப்பு கடைசியாக எப்போது சேமிக்கப்பட்டது என்ற நேரத்தை ஜிஜிப் குறித்துவைக்கும் இடம் அது. கேட்காமலே எழுதிய நான்கு பைட்டுகள். 'பெயரும் நேரமும் வேண்டாம்' என்று சொல்ல ஜிஜிப்பில் ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டு இரண்டு முறையும் சுருக்கினேன். 64 எழுத்தும் அச்சாக ஒத்துப்போயின.

ஒரு சொல் கொண்ட கோப்பிலேயே இந்தப் பாடு. ஆயிரமாயிரம் கோப்புகள் கொண்ட பிரவுசரில் என்னவெல்லாம் கசியும் என்று எண்ணிப் பாருங்கள். கட்டிய நேரம், கட்டியவரின் பயனர் பெயர், கோப்புகள் இருந்த அடைவின் முகவரி, கணினியின் பெயர், அதன் மொழி அமைப்பு, நேர மண்டலம். ஓர் அடைவில் உள்ள கோப்புகளைக் கணினி எந்த வரிசையில் எடுத்துக் கொடுக்கிறதோ அந்த வரிசைகூட பைனரிக்குள் பதிந்துவிடும். பெரியின் அணி இவற்றை ஒவ்வொன்றாகத் துரத்தியது. விண்டோஸுக்குக் கட்டும் கருவி ஒன்று, துடைக்கப்படாத நினைவகத்திலிருந்து சில பைட் குப்பையை அள்ளி விடையில் போட்டதைக் கண்டுபிடித்தார்கள். குறியாக்க நூலகம் ஒன்று கட்டும்போதெல்லாம் புதிதாக ஒரு சாவியை உருவாக்கி, தன்மேலேயே கையெழுத்திட்டு, சாவியை எறிந்துவிடும் வழக்கம் கொண்டிருந்தது. பாதுகாப்புக்காகச் செய்த அந்த ஏற்பாடே ஒவ்வொரு கட்டுமானத்தையும் வேறாக்கியது. கோப்புத் தேதிகளை எல்லாருக்கும் பொதுவான ஒரு நாளில் அறைந்துவிட்டார்கள். அதுதான் 2000 ஜனவரி 1.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். பயனர் பெயர், கணினியின் பெயர், மொழி, நேர மண்டலம். ஒரு பயனரை இணையத்தில் அடையாளம் காண உதவும் தடயங்களும் ஏறக்குறைய இவைதான். மென்பொருளைப் பயன்படுத்துபவர்மேல் படியக் கூடாத தடயமும், மென்பொருளின்மேல் கட்டுபவர் விட்டுவைக்கக் கூடாத தடயமும் ஒரே குடும்பம். டார்க்காரர்களுக்கு இந்த யோசனை எளிதில் பிடிபட்டதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். பயனர் மேலிருந்து தடயம் துடைப்பதே அவர்களுக்கு அன்றாட வேலை.

இந்த உழைப்பின் பயனாக வெளியீட்டு நாளின் சடங்கு மாறியது. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தத்தம் கணினியில் தனித்தனியே கட்டுவார்கள். ஹாஷ் பட்டியல்களை ஒப்பிடுவார்கள். ஒத்துப்போன பிறகே கையெழுத்து. வெளியாள் எவரும் அதே நிரலை எடுத்துக் கட்டி அதே பட்டியலை அடையலாம். இனி ஒருவரைப் பிடித்தால் போதாது, எல்லாரையும் பிடிக்க வேண்டும்.

ஒரு பிட் மாறினால்

2014 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற மாநாட்டில் பெரியும் தொழில்நுட்பர் சேத் ஷோனும் இதைப் பற்றிப் பேசினார்கள். 'கொஞ்சம் வேறுபட்டால் என்ன குடிமுழுகிவிடும்' என்று கேட்பவர்களுக்கு அங்கே ஒரு பதில் கிடைத்தது.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்-இல் 2002-இல் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 'பெரியதா' என்று சோதித்த இடத்தில் 'பெரியதா அல்லது சமமா' என்று சோதித்திருக்க வேண்டும். திருத்தம் ஒரே ஒரு சமக்குறி. பைனரியில் அந்தத் திருத்தம் ஒரே ஒரு பிட்டாகச் சுருங்குவதை அவர்கள் காட்டினார்கள். இன்டெல் வகைச் செயலிகளில் 'சிறிதென்றால் தாவு' என்ற கட்டளை 01111100. 'சிறிதோ சமமோ என்றால் தாவு' என்பது 01111110. வலமிருந்து இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். ஒரு சர்வர் பூட்டியிருப்பதற்கும் திறந்து கிடப்பதற்கும் நடுவே நிற்பது அந்த ஓர் இலக்கம். 'ஏறக்குறைய ஒன்று' என்ற பேச்சுக்கு இந்தத் தொழிலில் இடமில்லை.

இன்னொன்றும் காட்டினார்கள். மனிதர் திறந்து படித்தால் மூலக் கோப்பு சுத்தமாகத் தெரியும், கம்பைலர் படிக்கும் நேரத்தில் மட்டும் வேறு வரிகள் போய்ச் சேரும். ஆறு ஆண்டு கழித்து, 2020 டிசம்பரில், சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் மீதான தாக்குதல் வெளிச்சத்துக்கு வந்தபோது உலகம் பார்த்தது இதன் உடன்பிறப்பைத்தான். கட்டுமானக் கணினியில் ஒளிந்திருந்த நிரல், கட்டும் வேலை தொடங்கும் நொடிக்காகக் காத்திருந்து, ஒரு மூலக் கோப்பை மாற்றிவைத்து, வேலை முடிந்ததும் பழையதைத் திரும்ப வைத்துவிட்டது. வெளிவந்த மென்பொருளில் நிறுவனத்தின் முறையான கையெழுத்து இருந்தது. சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. கையெழுத்து, அனுப்பியது யார் என்று சொல்லும். உள்ளே இருப்பது என்ன என்று சொல்லாது.

ஏரிக்கரையில் ஒரு கூட்டம்

ஒரு பிரவுசருக்குச் செய்ததை ஓர் இயங்குதளம் முழுவதற்கும் செய்ய முடியுமா? 2013 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் வோமார்குவில், நொய்ஷாடெல் ஏரிக்கரையில், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் தன்னார்வலர்களின் ஆண்டு மாநாடு நடந்தது. 'லூனார்' என்ற பெயரில் எல்லாரும் அறிந்த ஜெரெமி பாபியோ அங்கே இதற்காக ஒரு கலந்துரையாடலைக் கூட்டினார். டாரின் வேலைகளிலும் கைகொடுத்தவர் அவர். சில வாரங்களில் ஆயிரக்கணக்கான பொதிகளை இரண்டிரண்டு முறை கட்டிப் பார்த்தார்கள். கால்வாசிதான் ஒத்துப்போயின. அடிப்படைக் கருவிகள் சிலவற்றைத் திருத்திவிட்டு 2014 தொடக்கத்தில் மறுபடி பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்கு தேறியது. ஒரு கருவியைத் திருத்தினால் நூற்றுக்கணக்கான பொதிகள் தாமாகச் சரியாகும் என்ற உண்மை அப்போது தெளிவானது.

லூனார் எழுதிய கருவி இன்று 'டிஃபோஸ்கோப்' என்ற பெயரில் வாழ்கிறது. பொதிக்குள் பொதி, அதற்குள் சுருக்கம், அதற்குள் பிடிஎஃப் என்று வெங்காயத் தோலாக உரித்துக்கொண்டே போய், இரண்டு கட்டுமானங்களும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று மனிதர் படிக்கும்படி காட்டும். ஹோல்கர் லெவ்சன் சோதனைகளை இரவும் பகலும் ஓடும் இயந்திரமாக மாற்றினார். ஒவ்வொரு பொதியும் இருமுறை கட்டப்படும். இரண்டாம் முறைக்குக் கணினியின் பெயர், பயனர் பெயர், மொழி, நேர மண்டலம் எல்லாவற்றையும் வேண்டுமென்றே மாற்றிவைப்பார்கள். கடிகாரத்தை ஓர் ஆண்டுக்கும் மேலாக முன்னே தள்ளிவைப்பார்கள். எதிர்காலத்தில் கட்டினாலும் அதே விடை வருகிறதா என்று பார்க்கத்தான்.

தேதிச் சிக்கலுக்கும் நேர்மையான தீர்வு ஒன்று 2015-இல் வந்தது. 'சோர்ஸ் டேட் எபாக்' என்பது அதன் பெயர். கட்டும் நேரத்தை எழுதாதே, நிரல் கடைசியாக எப்போது மாறியதோ அந்த நேரத்தை எழுது என்று எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகச் சொல்லும் ஒரே ஓர் எண். 1970-இன் தொடக்கத்திலிருந்து கடந்த நொடிகளில் அது குறிக்கப்படும். மாவு அரைத்த நாளை விட்டுவிட்டுக் கோதுமை விளைந்த நாளைச் சொல்வது போல. அதே ஆண்டு டிசம்பரில் ஏதென்ஸில் பல திட்டங்களைச் சேர்ந்தவர்கள் முதல் முறையாக ஒன்றுகூடினார்கள். 2017-இல் டெபியனின் கொள்கை ஏடே பொதிகள் இப்படிக் கட்டப்பட வேண்டும் என்று எழுதிக்கொண்டது. கால்வாசியில் தொடங்கிய கணக்கு பிறகு 90 சதவீதத்தைத் தாண்டியது.

எட்டின் மடங்கில் மனிதர்கள்

கட்டுபவர்களுக்கு இன்னொரு தேவையும் உண்டு. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், எந்த நாட்டில் திடீரென்று குறைகிறது, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்தாக வேண்டும். அதற்காக உலகம் பிடித்த வழி பயனரின் தோளுக்குப் பின்னால் நிற்பது. நான் ஒருகாலத்தில் வேலை பார்த்த இடத்தில் வெளியீட்டுப் பைனரி ஒரே ஒருவரின் லேப்டாப்பில்தான் கட்டப்படும், அதற்குள் என்ன நடந்தது என்று எவருக்கும் தெரியாது. அதே மென்பொருளில் எந்தப் பயனர் எந்தப் பொத்தானை எத்தனை மணிக்கு அழுத்தினார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அன்று அது எனக்குத் தவறாகப் படவில்லை என்பதுதான் இன்று எனக்கு வலிக்கிறது.

டார் எப்படி எண்ணுகிறது பாருங்கள். டார் பிரவுசர் வலைப்பின்னலில் சேர, இயங்கும் கணினிகளின் பட்டியலை அவ்வப்போது கேட்டு வாங்க வேண்டும். தொடர்ந்து இணைந்திருக்கும் ஒருவர் நாளுக்குச் சுமார் 10 முறை கேட்பார் என்று வைத்துக்கொண்டு, மொத்தக் கேட்புகளை 10-ஆல் வகுக்கிறார்கள். விடை தோராயமான பயனர் எண்ணிக்கை. கேட்டவர் எந்த நாடு என்பது அந்தந்தக் கணினியிலேயே பார்க்கப்பட்டு, நாட்டுக்கு இத்தனை என்ற கூட்டுத்தொகை மட்டும் வெளியே போகிறது. டார் தடை செய்யப்பட்ட நாடுகளுக்கான மறைவான நுழைவுக் கணினிகளான 'பாலங்களில்' எண்ணிக்கையை எட்டின் மடங்குக்கு உயர்த்தி எழுதுகிறார்கள். மூன்று பேர் வந்தாலும் 8, எட்டுப் பேர் வந்தாலும் 8, ஒன்பது என்றால் 16. ஒரு சின்ன நாட்டிலிருந்து ஒற்றை ஆளாக வந்த ஒருவரும் அந்த எட்டுக்குள் ஒளிந்துகொள்ளலாம். திட்டத்தின் வலைத்தளப் பதிவேடுகளிலோ வந்தவரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 0.0.0.0 என்று இருக்கும். நாள் இருக்கும், மணி இருக்காது.

இந்த எண்கள் எல்லாம் பொதுவில் கிடக்கின்றன. வெளியிடத் தயங்கும் அளவுக்கு நுண்ணிய தரவைச் சேகரிக்கவே கூடாது என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. டெபியனிலும் எந்தப் பொதியை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணும் 'பாப்புலாரிட்டி கான்டெஸ்ட்' உண்டு. நிறுவும்போது கேட்பார்கள், 'வேண்டாம்' என்பதே முன்கூட்டிக் குறிக்கப்பட்ட விடை. விருப்பத்தோடு கொடுத்தவர்களின் கணக்கை வைத்தே முதல் சிடியில் எந்தப் பொதிகளை ஏற்றுவது என்று தீர்மானித்துவந்தார்கள். வேலை நடக்கத்தான் செய்தது.

பலமுறை கட்டி ஒப்பிடும் முறையும் எல்லா நோய்க்கும் மருந்து இல்லை. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்குக் கருவியில் ஒரு கொல்லைப்புறக் கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் உலகுக்குச் சொன்னார். உள்நுழைவு அரை நொடி தாமதமானதைத் தொடர்ந்துபோய்ப் பிடித்தார். கள்ளம் வெளியீட்டு மூலப் பொதியிலேயே இருந்தது. கோதுமையே கெட்டிருந்தால் எத்தனை மில்லில் அரைத்தாலும் ஒரே கெட்ட மாவுதான் வரும். ஆனால் அங்கேயும் எழுந்தது அதே பழைய கேள்விதான்: பொதுவில் இருந்த நிரல் களஞ்சியமும் வெளியிட்ட பொதியும் ஒன்றா? ஒன்றாக இல்லை. கள்ளத்தைத் தூண்டிவிடும் வரிகள் பொதியில் மட்டுமே இருந்தன. அன்றிலிருந்து ஒப்பிடும் வேலை இன்னும் ஒரு படி முன்னால், மூலப் பொதியிலிருந்தே தொடங்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது.

லூனார் 2024 நவம்பரில் காலமானார். அவர் எழுதிய கருவியை இந்தக் கட்டுரைக்காக என் 'வணக்கம்' கோப்புகள் இரண்டின்மேலும் ஓட்டினேன். வேறுபட்ட ஜோடியைக் கொடுத்தபோது நேரம் மாறியிருப்பதை எடுத்துக் காட்டியது. நேரத்தை நீக்கிய ஜோடியைக் கொடுத்தேன். ஒரு வரிகூட எழுதாமல் முடித்துக்கொண்டது. சொல்ல எதுவும் இல்லை என்பதுதான் அதன் வாழ்த்து. அந்த வாழ்த்தைப் பெற நான் யார், எந்த ஊர், எத்தனை மணிக்கு வந்தேன் என்று எவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.